ஒரு தரம் கேட்கிற ஊர்

மரியநாயகி என் கடைக்குள் நுழைந்தால் நான் முதலில் கேட்பது தேநீர் வேண்டுமா என்றுதான். "வேண்டாம் அண்ணை, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பாள். கணினியைப் பார்த்தபடியே இரண்டாம் தரம் கேட்பேன். "ஐயோ, உங்களுக்கேன் கரைச்சல்" என்பாள். அதற்குப் பிறகு அவளைக் கேட்க மாட்டேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் குரல் கொடுத்துவிடுவேன். தேநீர் வந்ததும் நாலு மிடறில் குடித்து முடித்துவிட்டு, "நல்ல சாயம்" என்பாள். பத்தொன்பது வருடமாக இதுதான் நடக்கிறது. எங்கள் ஆட்களில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. முதல் கேள்விக்கே ஓம் சொல்கிறவனை நாங்கள் காணாததைக் கண்டவன் என்போம்.

நான் குலசேகரம். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் விமான டிக்கெட் விற்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவுக்கே தெரியும். அப்படிப்பட்ட என்னிடம் பத்தொன்பது வருடமாக ஒரு சனிக்கிழமை தவறாமல் வருகிறவள் இவள் ஒருத்திதான். நகரத்துக்கு வெளியே இருக்கிற திரான்சியிலிருந்து ரயில் ஏறி வருவாள். கறிவேப்பிலை, மீன் எல்லாம் இப்போது திரான்சியிலேயே கிடைக்கிறது. பின் எதற்காக வருகிறாள் என்று எனக்குக் கனகாலம் விளங்கவில்லை.

மன்னாரில் பிறந்தவள். வயது அறுபத்து நாலு. கணவர் செபஸ்டியன், மகன் டெனிஸ்டனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். அதற்கு முன்பும் பின்புமாக இருபத்தைந்து வருடம் பாரிஸின் நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் அறை துப்புரவாக்கினாள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று அறை. வேலைக்குச் சேர்ந்த அன்று மேலாளர், "ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறான். பூசைக்குப் போகிற பெண், வேண்டும்தானே! இவள் மரியாதைக்கு, "நோ நோ, சா வா", பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவன் நன்றி சொல்லிவிட்டு எழுதிக்கொண்டான். அவன் திரும்பக் கேட்பான் கேட்பான் என்று காத்திருந்து, பதினொரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களின் படுக்கையை விரித்தாள். இதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மீதுதான் ஆத்திரம் வந்தது.

போன வருடம் டெனிஸ்டனைக் கம்பெனி ஜப்பானுக்கு, தோக்கியோவுக்கு அனுப்பியது. மனைவி அனுஜாவும் கூடப் போனாள். கோடையில் அனுஜா பிள்ளைத்தாய்ச்சி என்று செய்தி வந்தது. அனுஜாவுக்குத் தாய் இல்லை. டிசம்பர் நடுவில் பிள்ளை பிறக்கும் என்று திகதி கொடுத்திருந்தார்கள்.

"பிள்ளைப்பேறு வரைக்கும் வந்து நிக்கிறியளோ அம்மா?" என்று மகன் போனில் கேட்டிருக்கிறான்.

"எனக்கேன் அங்கை? உங்களுக்குக் கரைச்சல்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"தக்கோர், சரி" என்று சொல்லிவிட்டு அவன் வேறு கதைக்குப் போய்விட்டான். பொண்டி ஆஸ்பத்திரியில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நம்பத்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நவம்பரில் பத்து நாளாவது வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவனே டிக்கெட்டுக்குப் பணம் கட்டினான். வீடு தீப்பெட்டி போல என்பதால் ஹோட்டலும் போட்டான். சாதாரண ஹோட்டல் இல்லை. நகரத்துக்கு நடுவில் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிற ஒன்று. "இருபத்தைஞ்சு வருசம் அந்த மாதிரி அறையைக் கூட்டினீங்கள், இனி அதிலை படுங்கோ" என்றானாம். டிக்கெட் எடுக்க வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருப்பாள், எழும்புவாள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்ப்பாள்.

"அண்ணை, திரும்பி வாற திகதியை மாத்தலாமோ?"

"மாத்தலாம்."

"சும்மா கேட்டனான்."

இதையே அந்த ஒரு மணித்தியாலத்தில் மூன்று தரம் கேட்டாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு குழந்தைக்குக்கூட விளங்கியிருக்கும். மகன் இன்னொரு தரம் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

தோக்கியோவில் இறங்கிய மறுநாளே வட்சப்பில் எடுத்தாள். எனக்குக் காலை பத்து மணி, அவளுக்கு மாலை ஆறு. முதல் அழைப்பு முழுக்கப் புகழ்ச்சி. பதிவு செய்வதற்குக்கூட நிற்க விடவில்லையாம், கதிரையில் இருத்திச் சூடான துவாய் கொடுத்தார்களாம். பிரெஞ்சு தெரிந்த ஒரு பிள்ளையை இவளுக்கென்றே விட்டிருக்கிறார்கள். லிஃப்ட் கதவு மூடும்வரை குனிந்த தலை நிமிராமல் நிற்கிறார்களாம். கக்கூசின் மூடி ஆளைக் கண்டதும் தானே திறக்கிறதாம். பயந்து வெளியே ஓடி வந்திருக்கிறாள். கதவு நிலையின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாளாம், தூசி இல்லையாம். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு தொழில்காரியின் பொறாமை இருந்தது.

திங்கட்கிழமை அழைத்தபோது குரல் மாறியிருந்தது.

"அண்ணை, இஞ்சை எல்லாருக்கும் தேத்தண்ணி குடுக்கிறாங்கள். எனக்கு மட்டும் சுடுதண்ணி."

"ஏன்?"

"வந்தண்டு கேட்டவங்கள். நான் வேண்டாம் எண்டனான்."

"ஏன் வேண்டாம் எண்டனீர்?"

"சும்மா... முதல் கேக்கேக்கை எப்பிடி அண்ணை ஓம் எண்டுறது? பதினாலு மணித்தியாலம் பறந்து தொண்டை வறண்டு கிடந்தது. அந்தப் பிள்ளை குனிஞ்சு கும்பிட்டிட்டுப் போனதுதான். பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை."

இன்னும் இருந்தது. முதல் நாள் காலை படுக்கையை இவளே விரித்துவிட்டாள். பழக்க தோஷம். அறைக்கு வந்த பெண், உள்ளே வந்து துப்புரவு செய்யட்டுமா என்று கேட்க, "பாவம், உனக்கேன் கரைச்சல்" என்று அனுப்பியிருக்கிறாள். அன்றிலிருந்து ஒருவரும் உள்ளே வருவதில்லை. துவாய்கள் மட்டும் வாசலில் கட்டாக வந்து சேருகின்றன. உண்மையில் அவர்கள் விரிப்பின் மூலையை எப்படி மடிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க இவளுக்குக் கொள்ளை ஆசை. அதையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கென்று வெளியே வைத்த அழுக்குத் துவாய்க் கட்டுக்குள் செருகிய பணம் கடித உறையில் திரும்பி வந்தது, மறந்துவிட்டீர்கள் என்ற குறிப்போடு. உறையோடு வாசலில் வைத்தாள். அதுவும் திரும்பி வந்தது.

"அவங்கள் மட்டும் ரெண்டு தரம் மறுக்கிறாங்கள் அண்ணை. என்னை ஒருக்காதான் கேக்கிறாங்கள். இது என்ன மரியாதை?"

"அவங்கள் உம்மை நம்பினவங்கள் தங்கச்சி. அந்த ஊரிலை பெரிய ஹோட்டல் எண்டால் அப்பிடித்தான். விருந்தாளி வாயாலை வாற முதல் சொல்லை எழுதி வச்சு, கடைசிவரை அதின்படி நடப்பாங்கள். நீர் தேத்தண்ணி வேண்டாம் எண்டால் அவையளுக்கு அது சட்டம்."

அவள் அறைக்குள் அங்கும் இங்கும் நடப்பது மூச்சு வாங்குவதில் தெரிந்தது. நாற்பதாவது மாடியில், கால் புதையும் கம்பளத்தில், கூண்டுக்குள் விட்டது போல நடந்துகொண்டிருந்தாள்.

"மகன் கேட்டவனோ?" என்றேன்.

"இல்லை."

"நீர் சொன்னனீரோ?"

"அவன் கேக்காமல் நான் எப்பிடிச் சொல்லுறது?"

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. யாரோ ஒருவருக்குக் கொழும்புக்குப் போட வேண்டிய டிக்கெட்டைச் சென்னைக்குப் போட்டுவிட்டு, அவரையே ஏசினேன். டெனிஸ்டனுக்கு எடுத்துச் சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒரு தாய்க்காக மூன்றாம் மனிதன் பேசினால் அது அவளுக்கு அவமானம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நானே எடுத்தேன். ஞாயிறு அவளுக்குத் திரும்புகிற விமானம். மாற்றுவதென்றால் அன்றைக்குள் மாற்ற வேண்டும்.

"தங்கச்சி, திகதியை மாத்தட்டோ?"

"வேண்டாம் அண்ணை" என்றாள்.

கடையில் நாலு பேர் நின்றார்கள். அவளுடைய தயக்கம் என் பொறுமையைத் தின்று முடித்திருந்தது. "சரி, உம்மடை விருப்பம்" என்று வெட்டினாற்போல் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு தெரிந்தது. பத்தொன்பது வருடம் தேநீருக்கு இரண்டு தரம் கேட்ட நான், அவள் வாழ்க்கையில் பெரிதாக ஒன்று தொங்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு தரம்தான் கேட்டேன். அவள் ஏன் திரான்சியிலிருந்து ரயில் ஏறி வந்தாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவளை மறுபடி கேட்கிற இடம் இந்தப் பாரிஸில் லாச்சப்பல் ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்ப எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. பிறகு எடுப்போம் என்று விட்டது சனியும் போய், ஞாயிறும் போய், அவள் வந்து சேர்ந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. ஹோட்டலில் தனக்குக் கொடுத்த இனிப்புப் பெட்டியை எனக்கென்று மேசையில் வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுக்கும்போது அவளுடைய போன் அடித்தது. டெனிஸ்டன். கண் சரியில்லாததால் எப்போதும் சத்தத்தைத் திறந்துவிட்டுத்தான் பேசுவாள்.

"அம்மா, அனுஜாவைப் படுத்தே கிடக்கச் சொல்லிப்போட்டினம். பிரஷர். பயப்பிட ஒண்டுமில்லை. நான் வேலையிலை கொங்ஜே கேட்டிருக்கிறன், லீவு தருவினம், ரெண்டு பேருமாச் சமாளிப்பம்."

"சாப்பாடு?"

"வாங்கலாம் அம்மா."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். கேளடா, கேளடா என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் அவன் மூச்சு விடுவது கேட்டது.

"அப்ப சரி அம்மா, பிறகு எடுக்கிறன்."

"நில்லடா!"

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நான் வாறன். நீ கேக்காட்டியும் வாறன். ஹோட்டலும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், உன்ரை வீட்டு நிலத்திலை பாயைப் போட்டுப் படுக்கிறன். எனக்கு அங்கை நிக்கவேணும். முதல் நீ கேக்கேக்கையே எனக்கு ஆசைதான். விளங்குதோ? ஆசைதான்!"

தொடர்பு விட்டுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். பிறகு அந்த முப்பது வயது ஆண்பிள்ளையின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக வந்தது.

"நான் இன்னொருக்கா கேக்கப் பயந்தனான் அம்மா. திருப்பியும் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவியள் எண்டு. அப்பா போனாப்பிறகு நான் என்ன கேட்டாலும் நீங்கள் வேண்டாம் எண்டுதானே சொல்லுறனீங்கள்."

"விசரா" என்றாள். அழுதுகொண்டே அவனை இன்னும் நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போனை வைத்தாள். மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"எப்ப பிளேன் இருக்கு?"

"நாளைக்கு ஒண்டு இருக்கு."

"அதைப் போடுங்கோ."

"திரும்பி வாற திகதியும் போடவேணும் தங்கச்சி. இல்லாட்டி ஏத்த மாட்டாங்கள்."

"பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்கு எத்தினை நாள் நிக்க விடுவாங்கள்?"

"தொண்ணூறு."

"தொண்ணூறையும் போடுங்கோ" என்றாள்.