சிவப்பு ரயிலில் ஒரு நீலப் பெட்டி

இது கட்டுக்கதை இல்லை. மேலகரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் எபனேசரிடமே நீங்கள் கேட்கலாம். ஆனால் அவன் மனைவி ஜெனி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

எபனேசருக்கு ரயில் பைத்தியம். எக்ஸ்பிரஸ் பெட்டிகள் ஒரு காலத்தில் செங்கல் சிவப்பில் ஓடின, பிறகு கருநீலத்துக்கு மாறின, இப்போது சிவப்பும் சாம்பலும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். இதற்கென்றே யூடியூப் சேனல் வேறு.

போன ஆனி மாதம். நல்ல சாரல். சென்னையில் வேலைக்குச் சேரப்போகும் ஜெனியை ஏற்றிவிடத் தென்காசி ஸ்டேஷனில் நின்றான். மணி 6.41.

"பெட்டி கலரெல்லாம் தெரியும். என் கல்யாணச் சேல என்ன கலரு, சொல்லுங்க பாப்போம்."

நல்லவேளை, ரயில் வந்துவிட்டது.

சிவப்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அவர்கள் எதிரே வந்து நின்றது மட்டும்... கருநீலம். நடுவில் வெளிர்நீலப் பட்டை.

முதலில் அவனுக்குச் சந்தோஷம்தான். வீடியோ எடுக்கப் போனை நீட்டினான். அப்புறம்தான் உறைத்தது. பழைய நீலப் பெட்டிக்கும் புதிய சிவப்புப் பெட்டிக்கும் கொக்கியே வேறு. ஒன்றோடு ஒன்று மாட்டாது. குனிந்து பார்த்தான். நடுவில் கொக்கியே இல்லை. வெறும் இடைவெளி.

மற்ற பெட்டிகளெல்லாம் சாரலில் நனைந்து சொட்டின. இது காய்ந்து கிடந்தது. மேலெல்லாம் தூசி. பயணிகள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதான் எஸ் ஃபோர். ஏறுதேன்," என்றாள் ஜெனி.

"ஏட்டி, நில்லு."

உள்ளே இருட்டு. அதிலிருந்து ஒரு கை நீண்டு அவள் பையை வாங்கிக்கொண்டது. ஜெனி படியில் கால் வைத்தாள். அடுத்த நொடி அவளைக் காணவில்லை.

எபனேசர் இருட்டுக்குள் கையை விட்டான். அவள் விரல்கள் தட்டுப்பட்டன. பிடித்தான். வழுக்கியது...

மறுபடி துழாவினான். ஒரு கை கிடைத்தது. சில்லென்று இருந்தது.

இழுத்தான்.

ஜெனி பிளாட்பாரத்தில் வந்து விழுந்தாள்.

ரயில் நகர்ந்தது. கடக்... கடக்... எல்லாப் பெட்டியும் சிவப்பு.

வீட்டுக்கு வந்தார்கள். அவள் வாயே திறக்கவில்லை. பயந்துவிட்டாள் பாவம் என்று விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள், சென்னைப் பக்கம் ஒரு ரயில்வே யார்டிலிருந்து போன் வந்தது. பையில் நம்பர் எழுதியிருந்ததாம்.

"பழைய நீலப் பெட்டி சார். கார் ஏத்துற சரக்குப் பெட்டியா மாத்துறதுக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் வெல்டு வெச்சு அடைச்சு ஒரு மாசம் ஆச்சு. நேத்து உள்ள ஒரு லேடி அழுவுற சத்தம். அறுத்துப் பாத்தா இந்தப் பை மட்டும்தான் இருந்துச்சு."

எபனேசர் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "என்ன சொல்லி அழுதா?"

"'ஏங்க, ஏன் கைய விட்டிய'ன்னு. உங்க ஊர்ப் பேச்சுதான் சார்."

அடுப்படியில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு போன்ல?"

மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"ராங் நம்பர்," என்றான் எபனேசர்.

அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.