தேதி கேட்கும் கம்ப்யூட்டர்

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேரும் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. டைப் அடிக்கக் கற்றுக்கொண்டதற்கு இப்படி ஒரு தண்டனையா? தூத்துக்குடி மில்லர்புரத்தில் யார் வீட்டு பிரிண்டர் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன்.

போன சனிக்கிழமை மத்தியானம் வந்த போன் பொன்னையா அண்ணாச்சியுடையது. எதிர்வீடு. எதிர்வீட்டிலிருந்து யாராவது போன் செய்வார்களா? முன்பெல்லாம் கேட்டில் நின்று கூப்பிடுகிற மனிதர்தான். மூன்று மாதமாக அவர் கேட் பக்கமே வருவதில்லை.

கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையாம். சும்மா கத்துகிறதாம். “சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கண்ணன் பேசுதேன்னு சொல்லிருக்கான் தம்பி. கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்றார்.

கண்ணன் அவருடைய ஒரே மகன். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நிற்கும்போதுதான் நிம்மதியாக வீடியோ காலில் வர முடியும். இந்தச் சாயங்காலத்தைத் தவறவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். அப்புறம் எப்போதோ...

செல்போனில் பார்க்கலாமே என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். அண்ணாச்சிக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். போனில் மகன் முகம் கொட்டைப்பாக்கு அளவுதான் தெரிகிறதாம். அந்தப் பழைய பெரிய மானிட்டரில் பார்த்தால்தான் பிள்ளை இளைத்திருக்கிறானா, தேறியிருக்கிறானா என்று சொல்ல முடியுமாம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், அண்ணாச்சியின் மனைவி ராஜம் மதினி, துணி காயப்போடப் போன இடத்தில் விழுந்தார்கள். அவ்வளவுதான். அப்போது கண்ணனின் கப்பல் எந்தக் கரைக்கும் பக்கத்தில் இல்லை. அண்ணாச்சியின் தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் போனில் பேசியிருக்கிறார்கள் – குரல் மட்டும். முகம் பார்த்துப் பேசப்போவது இதுதான் முதல் தடவை. கண்ணன்தான் கேட்டிருக்கிறான்... அப்பா, உங்களைப் பார்க்கணும் என்று.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன்.

சுவிட்சைப் போட்டால் பீப்... பீப்... பீப். திரை இருட்டு. கேபினெட்டைத் திறந்தேன். தூத்துக்குடி உப்புக் காற்றில் எந்த இரும்புக்கும் ஆயுசு கம்மி. உள்ளே இருந்த ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். ரேம் என்கிற நினைவுப் பட்டையைக் கழற்றி, அதன் கால்களைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, மறுபடி மாட்டுவது. சிரிக்காதீர்கள், இந்தியா முழுக்க இதுதான் நடக்கிறது. திரை வந்துவிட்டது. வந்ததும் வழக்கமான கேள்வி: தேதியும் நேரமும் தெரியவில்லை, செட் செய்ய எஃப் ஒன் அழுத்தவும்.

இந்தக் கேள்வி எனக்குப் பழைய சிநேகம். கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. அது செத்துவிட்டால், தினமும் காலையில் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, தான் தயாரான வருஷத்து ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய் நின்றுகொள்ளும். ஒரு பேட்டரி மாற்றினால் தீர்ந்தது. பல வருஷமாக அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டால்தானே?

கேட்காததற்குக் காரணம், அந்த வீட்டில் அதற்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. காலையில் மதினி காலண்டரில் தாளைக் கிழிப்பார்கள். கிழித்து, தேதி, நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன் எல்லாவற்றையும் உரக்கப் படிப்பார்கள். அண்ணாச்சி எஃப் ஒன் அழுத்திவிட்டு, அதில் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு டைப் அடிப்பார். அப்புறம் அதிலேயே இணையத்தில் பேப்பரைப் பெரிய எழுத்தில் படிப்பார். காபி குடிக்கும்போது தினமும் எனக்கு இந்தச் சத்தம் கேட்கும். என் ராசிக்கு என்ன பலன் என்பதுகூட மதினி சொல்லித்தான் தெரியும். இதில் பேட்டரிக்கு என்ன வேலை?

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அண்ணாச்சியே தேதியை அடித்து உள்ளே போயிருந்தார். வீடியோ காலைத் திறந்தோம். திறக்கவில்லை. ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது’ என்று ஒரு எச்சரிக்கை. வேறு எதைத் திறந்தாலும் அதே பாட்டு. ஒரு வாரமாகவே பேப்பரும் திறக்கவில்லையாம். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மணி மூன்றரை. திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி மூன்று மாதம் பழையது. ஜனவரி ஒன்று இல்லை – பதினேழு. அப்படியென்றால் அது கம்ப்யூட்டரின் தப்பு இல்லை. அவரே அடித்தது.

“தேதி தப்பா இருக்கே அண்ணாச்சி?”

அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர். பெரிய எழுத்தில் பதினேழு. மதினி கடைசியாகக் கிழித்துவிட்டுப் போன தாளுக்கு அடுத்த தாள். அன்றைக்குக் காலையில் உரக்கப் படித்த தாள்.

“தெரியாம இல்ல தம்பி. காலையில அது தேதி கேக்கு. நான் அங்கன பாக்கேன். வேற என்னத்தச் சொல்ல?”

தினமும் காலையில் அவர் அந்த ஒரே தேதியைத்தான் சொல்லியிருக்கிறார். நாலு நாள், பத்து நாள் பின்தங்கினால் இணையம் கண்டுகொள்வதில்லை. மாதக்கணக்கில் பின்னால் நின்றால் கதவைச் சாத்திவிடுகிறது. உலகமும் கிட்டத்தட்ட அப்படித்தானே? துக்க வீட்டுக்குப் பதினாறாம் நாள் வரைக்கும் ஆள் வரும். அதற்கப்புறம் எதிர்வீட்டுக்காரனாகிய நானே எத்தனை தடவை போனேன்?

காலண்டர் பக்கம் போனேன். கிழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். “அது கெடக்கட்டும்” என்றார். குரல் உயரவில்லை. கையை இழுத்துக்கொண்டேன்.

வாட்ச் கடையில் பேட்டரி வாங்கி வந்து மாட்டினேன். இன்றைய தேதியை நான்தான் அடித்தேன். அவர் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவி, மறுபடி போட்டுக் காட்டினேன். பீப் இல்லை. கேள்வி இல்லை. நேராக உள்ளே போனது. தேதி சரியாக இருந்தது.

“இனிமே கேக்காதுல்லா?” என்றார்.

கேட்காது, தானாகவே ஓடும் என்றேன். “சரி” என்றார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ ரிப்பேர் பார்த்திருக்கிறேன். ஒரு பொருளைச் சரிசெய்துவிட்டு இவ்வளவு வருத்தப்பட்டது இதுதான் முதல் தடவை.

அஞ்சு மணிக்குக் கண்ணன் வந்தான். திரை நிறைய முகம். தாடி விட்டிருந்தான். அண்ணாச்சி மானிட்டருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். இளைத்துப் போய்விட்டாய் என்றார். அவனும் அதையே சொன்னான். சாப்பாடு, மாத்திரை, சமையலுக்கு வருகிற பெண் என்று பேச்சு போனது. அம்மாவைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. பிறகு கண்ணன் அப்பாவைப் பார்க்கவில்லை... அப்பாவுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான்.

“அப்பா, பின்னால பதினேழு இருக்கு. கிழிக்கலியாப்பா?”

அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ வந்து கிழிலே.”

கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் காலண்டரைத்தான் பார்த்தேன். அன்றைய தேதி. ஊரார் கம்ப்யூட்டருக்கெல்லாம் தேதி சரிசெய்கிற நான், என் வீட்டில் தினமும் அந்தத் தாளைக் கிழிப்பது யார் என்று அன்றுவரை கவனித்ததே இல்லை!