முனியாண்டிக்குப் படைத்த சார்டின்

உணவுப் பொருள் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சும்மா கொடுப்பதுதான் இந்த உலகத்திலேயே கஷ்டமான வியாபாரம். செங் என்கிற ஊரில் ஒரு ஃபேக்டரி கேண்டீனில் கரண்டி பிடித்தே ஓய்வு பெற்றவள் நான். அங்கே ஒரு கரண்டி குழம்பு கூடக் கேட்டுச் சண்டைக்கு வருவார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்துத்தான் இந்தக் குழுவில் சேர்ந்தேன்.

1. ஒலிபெருக்கி

எங்கள் குழுத் தலைவர் சேகரன், பேங்க் ஆபிசராக இருந்தவர். எல்லாருக்கும் அவர் பாஸ். மெர்லிமாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு முதல் டிரிப் போனோம். வேன் கூரையில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள் கண்ணில் பட்டதுமே மைக்கைப் பிடித்துவிட்டார்.

"அன்பார்ந்த ஏழை மக்களே! இதோ உங்களுக்கு இலவச உணவு!"

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. காயப்போட்ட துணியைக்கூட ஒருத்தி உருவிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒரு நாய் மட்டும் வந்தது. பாஸ் அதற்கு ஒரு பிஸ்கட் போட்டார்.

"பாத்தியா சரோஜா, ஆள் வர ஆரம்பிச்சிருச்சு" என்றார். அந்த மனுஷனை என்ன செய்வது!

2. எல்லாரும் சாப்டாச்சு

பையைத் தூக்கிக்கொண்டு நானே வீடு வீடாகப் போனேன். அரிசி, எண்ணெய், மீஹூன் சேமியா, மைலோ பவுடர், சார்டின் மீன் டின் எல்லாம் சேர்ந்து தோள்பட்டையைக் கழற்றியது.

முதல் வீட்டில், "எங்களுக்கு எதுக்குக்கா? நாங்க ஓக்கேலா. பக்கத்து வீட்டுக்குக் குடுங்க, பாவம்" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி அதற்கடுத்த வீட்டைக் கை காட்டினாள். அவர்கள் அதற்கடுத்ததை. கடைசி வீடு லெட்சுமியுடையது. அவள் முதல் வீட்டைக் கை காட்டினாள். லயத்தையே வலம் வந்தாயிற்று, வரம்தான் கிடைக்கவில்லை.

லெட்சுமியின் புருஷனுக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் போய், ஃபேக்டரி வேலையும் போயிருந்தது. பிள்ளைகளில் ஒன்று கைக்குழந்தை. ஆனால் அடுப்படியிலிருந்து கமகமவென்று தாளிப்பு வாசம் வந்தது.

"என்னம்மா, சாம்பாரா?"

"ஆமாக்கா. நாங்க சாப்டாச்சு. ஒக்காருங்க, தேத்தண்ணி கலக்குறேன்" என்று சீனி இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

கேண்டீன்காரிக்கு அடுப்படியைக் கண்டால் கால் நிற்காது. எட்டிப் பார்த்தேன். வாணலியில் கடுகும் கறிவேப்பிலையும் மட்டும் பொரிந்து கிடந்தன. பக்கத்தில் சாம்பாரும் இல்லை, சோறும் இல்லை. அரிசி டின் காலி. அந்தத் தாளிப்பு வீட்டு வயிற்றுக்கு இல்லை, அக்கம்பக்கத்து மூக்குக்கு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கோபமும்.

அவள் வந்ததும், "வாங்கிக்கம்மா, புள்ளைங்களுக்காவது" என்று கெஞ்சினேன்.

"வேணாங்கா. இன்னிக்கு வாங்குனா நாளைக்கு லயம் பூரா பேச்சு. எங்க வீட்டுக்காரருக்குக் கால்தான் போச்சு, தலையாவது நிமிந்து இருக்கட்டும்."

பை மறுபடியும் வேனுக்கே வந்தது.

3. சாமி கேட்கிறார்

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். இலவசத்தை வேண்டாம் என்பவர்கள் உண்டு. பிரசாதத்தை வேண்டாம் என்கிற தமிழன் உண்டா? தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைத்துக் கொடுப்போம் என்றேன். பாஸ் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மனுக்குச் சார்டினா? கொன்னுருவாங்க. டின்ன எடுத்துரு" என்றார்.

"புள்ளைங்க வாயில படப்போற மீனே அதுதான் பாஸ்!"

அப்போதுதான் தோட்டத்து எல்லையில் மரத்தடியில் இருக்கும் முனியாண்டி ஞாபகம் வந்தது. பூசாரி மணியம் அண்ணனைப் பிடித்தேன்.

"சுருட்டு, சாராயம்னு எல்லாத்தையும் ஏத்துக்கிற சாமிம்மா" என்றார் அவர். "டின் மீனு என்னா, டின்னோடயே சாப்பிடுவாருலா."

ஞாயிற்றுக்கிழமை பூசை. சாமிக்கு முன்னால் பைகளைக் குவித்து வைத்தோம். லயமே கூடிவிட்டது. உடுக்கை சத்தம் ஏற ஏற மணியம் அண்ணனுக்கு அருள் வந்தது. அது நிஜமா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

"யார்ரா அவன் வேன்ல வந்தவன்?"

பாஸ் நடுநடுங்கி அடையாள அட்டை ஐ.சி.யை எடுத்து நீட்டினார்.

"மைக்க ஒடைச்சுப் போடுறா!"

"ஒடைச்சிர்றேன் சாமி!"

"எம் பிரசாதம் எல்லா வூட்டுக்கும் போவணும். வேணாங்கிற வூட்டு வாசல்ல வந்து நான் ஒக்காந்துக்குவேன்!"

முனியாண்டி வாசலில் உட்கார்ந்தால் யார் தாங்குவது? மளமளவென்று வரிசை நின்றது. கோயிலுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று அவரவர் வாழைப்பழம், மரவள்ளி, முருங்கைக்காய் என்று கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் சேவலையே கொண்டுவந்துவிட்டார். அறுக்க மனசில்லாமல் பாஸ் அதை மடியில் வைத்துக்கொண்டு, "நாம குடுக்க வந்தோமா, வாங்க வந்தோமா சரோஜா?" என்று கேட்டார்.

என் கண் லெட்சுமியைத்தான் தேடியது. வரிசை முடியப்போகும்போது வந்தாள். விபூதி பூசிக்கொண்டு, இரண்டு கையாலும் பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேலை நடந்துவிட்டது என்று நான் பெருமூச்சு விடுவதற்குள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, சாமிக்கு டின் மீன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாதா? லயத்துல எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்க மாட்டோம், அவ்ளோதான்."

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"அடுத்த மாசம் பால்மாவும் கேக்கச் சொல்லுங்க சாமிய."

இந்த வேலையில் நான் கற்றது இதுதான். பசித்தவர்களுக்குச் சோறு கொண்டுபோவது பாதி வேலை. அவர்கள் தலை குனியாமல் கேட்பதற்கு ஒரு வழி பண்ணித்தருவது மீதி வேலை. அந்த மீதிப் பாதி வேனில் ஏற்றிக் கொண்டுபோகிற சாமான் இல்லை.

அடுத்த மாதம் முனியாண்டி அருளில் வந்ததும் முதலில் கேட்டது பால்மாவுதான்.