மரியதாஸ் மாஸ்டரும் மரண அறிவித்தல்களும்

மரியதாஸ் இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. முற்பகல் பத்து மணியிருக்கும். முல்லைத்தீவிலிருந்து அவருடைய அக்கா றோஸ்மலர் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், ஒரு அறிவித்தல் எழுதவேணும்" என்றார். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவனுக்கு எங்கள் பகுதியில் மிஞ்சும் தொழில் மரண அறிவித்தல் எழுதுவது. ஆகவே வழக்கம்போலக் கொப்பியை எடுத்துக்கொண்டு, "பெயரைச் சொல்லுங்கோ அக்கா" என்றேன். அவர் சொன்னார். நானும் எழுதினேன். அடுத்ததாகப் பிறப்பிடத்தைக் கேட்டபிறகுதான் எழுதியிருந்த பெயரை வாசித்தேன். கனடாவில், அலுவலக மேசையில் இருந்தபடியே இதயம் நின்றுவிட்டதாம்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் கணித மாஸ்டர். மாங்குளத்துப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. சோதனைத் தாளில் தெரியாத கேள்விக்கு எதையாவது எழுதி வைக்கும் பிள்ளைகளிடம் அவருக்குக் கடுங்கோபம். "தெரியாட்டி இடத்தை விட்டுட்டு வா. வெறும் இடத்துக்கு நான் அடிக்கிறேல்லை" என்பார். நான் என் பாடத்தில் எதையாவது எழுதியவர்களுக்குத்தான் புள்ளி போட்டேன். இல்லாவிட்டால் தமிழில் ஒருவரும் சித்தியடைந்திருக்க மாட்டார்கள்.

கனடாவுக்குப் போனபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அங்கே அவருடைய ஆசிரியர் சான்றிதழை மரியாதையாக வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, ரொட்டித் தொழிற்சாலைக்கு வழி சொன்னார்கள். நாலு வருடம் ரொட்டி. பிறகு தரவு விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்தார். தன்னுடைய பழைய மாணவர்களைவிட இளையவர்களோடு வகுப்பில் இருந்தார். முதற் பயிற்சியாக, மூழ்கிப்போன கப்பலொன்றின் பயணிகள் பட்டியலைக் கொடுத்தார்களாம். யார் பிழைத்திருப்பார், யார் பிழைத்திருக்க மாட்டார் என்று கணினியைக் கொண்டு ஊகிக்க வேண்டும். "எல்லாரும் கோப்பியைக் குடிச்சுக்கொண்டு செய்யிறாங்கள் மச்சான். எனக்குக் கை ஓடேல்லை. இப்பிடியொரு பட்டியல் என்னட்டையும் கிடக்கெல்லோ" என்று தொலைபேசியில் சொன்னார்.

இறுதிச் செயற்றிட்டத்துக்குத் தரவை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் வீட்டு விலையையும் வைன் சுவையையும் எடுத்தார்கள். மரியதாஸ் இணையத்தில் வரும் எங்கள் மரண அறிவித்தல்களை எடுத்தார். யோசித்துப் பார்த்தால், எங்கள் சனம் ஒழுங்காக எழுதி வைக்கும் ஒரே ஆவணம் அதுதான். பிறப்பிடம், வதிவிடம், கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறப்புகள். இறந்த உறவினரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற'. இருப்பவரின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் அவர் வாழும் ஊர். ஆயிரக்கணக்கில் சேர்த்து, ஒரு பெயரைக் கொடுத்தால் மீதியைத் தானே நிரப்பும் கணினி நிரலொன்றை எழுதினார். நேர்முகத் தேர்வில் அதைக் காட்டினார். காப்புறுதிக் கம்பனியொன்று அவரை உடனே எடுத்துக்கொண்டது.

முதல் விடுமுறையில் என் வீட்டுக்கு வந்து, மடிக்கணினியைத் திறந்து என் பெயரைத் தட்டினார். எனக்குரிய அறிவித்தல் வந்தது. நடை பரவாயில்லை, ஒற்றுப் பிழை இரண்டு. ஊர் சரி. மனைவியின் ஊரும் சரி. பிள்ளைகள் மூன்று என்றிருந்தது. எனக்கு இரண்டு.

"ஆர் மச்சான் மற்றது? எங்கையேன் ஒளிச்சு வைச்சிருக்கிறியோ?" என்று மரியதாஸ் பெருங்குரலில் சிரித்தார்.

நானும் சிரித்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி சிரிக்கவில்லை. எங்களுக்கு முதலில் பிறந்து ஒரு பகல் மட்டும் இருந்த பிள்ளையைப் பற்றி நாங்கள் அவரிடம் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

மரியதாசின் குடும்பத்தில் கடைசித் தம்பி, நேசன். யுத்தத்தின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது அக்கா றோஸ்மலரின், அதாவது றோசக்காவின், கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். கை விடுபட்டது. அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. தகப்பனாரின் அறிவித்தலில் நேசனை இருப்பவராகவே போட்டார்கள். பிரான்சில் சித்தப்பா இறந்தபோது அந்தப் பகுதியினர் 'காலஞ்சென்ற நேசன்' என்று போட்டுவிட்டார்கள். "இவையள் ஆர் என்ரை தம்பியைச் சாக்காட்ட?" என்று அக்கா அவர்களோடு கதைப்பதையே விட்டார். இரண்டு அறிவித்தல்களும் மரியதாசின் நிரலுக்குள் போயின. ஒன்று இருக்கிறார் என்றது, மற்றது இல்லை என்றது. அந்த இடத்தை அவர் வெறுமையாக விட்டார். நிரலோ வெறும் இடத்தை விட்டுவைக்காது. அதற்கு அவர் பழக்கியிருந்த ஒரே வேலை நிரப்புவது. நேசன், வயது முப்பத்தொன்பது, வதிவிடம் மாங்குளம் என்று நிரப்பியது.

அடுத்த வருடம் புதிய அறிவித்தல்களைச் சேர்த்து ஓட்டினார். நேசனுக்கு நாற்பது வயது, ஒரு மனைவி. அதற்கடுத்த வருடம் ஒரு பெண்பிள்ளை.

"அது ஒண்டையும் கண்டுபிடிக்கிறேல்லை மச்சான். அவன்ரை வயசுக்காரர், எங்கடை கோயில் பங்குப் பெடியள், கனபேர் மாங்குளத்திலை குடியேறியிருக்கினம். பக்கத்து வரியைப் பாத்துக் கொப்பியடிக்குது" என்றார் என்னிடம். எனக்கு விளங்கியது. அக்காவுக்கும் அதையே விளங்கப்படுத்தினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளைக்கு என்ன பெயராம்?" என்றார்.

ஒரு நாள் மதியம் றோசக்கா மாங்குளத்தில் என் வீட்டுப் படலையில் நின்றார். முல்லைத்தீவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, ஒட்டுசுட்டான் தாண்டி, மாங்குளம் சந்தியில் இறங்கி, மூன்று மணித்தியாலம் அங்கேயே நின்றிருக்கிறார். தண்ணீர் குடித்தபிறகு சொன்னார்:

"கடையிலை பாண் வாங்கிக்கொண்டு நிண்டவர், மாஸ்டர். பிடரி அப்பிடியே நேசன்ரை பிடரி. சைக்கிளிலை பின்னுக்கு ஒரு சின்னப் பெட்டை."

"கூப்பிடேல்லையோ அக்கா?"

"கூப்பிட்டு, திரும்பிப் பாக்கேக்கை வேறை ஆராவது எண்டால்?" என்றார். "கூப்பிடாமல் விட்டால் அவன்தானே."

அன்றிரவே கனடாவுக்குச் செய்தி அனுப்பினேன். அடுத்த விடுமுறையில் அக்கா வழக்கம்போல, "தம்பி, அந்தக் கணினிப் பெட்டியைத் திற. சின்னவன் என்ன பாடெண்டு பாப்பம்" என்றாராம். பெட்டி பழுதாகிவிட்டது என்று மரியதாஸ் சொல்லியிருக்கிறார். நேசனின் வரியை அவர் அதற்கு முன்பே அழித்துவிட்டார். "அக்காவுக்குப் பொய் சொல்லிப்போட்டன்" என்று என்னிடம் வருந்தினார். "ரெண்டு பொய்யிலை சின்னனைத்தான் சொன்னனான்." பிறகு சொன்னார்: "அழிக்கேக்கை அந்தப் பெட்டைக்கு ரெண்டு வயசு மச்சான்."

இனி அந்தத் தொலைபேசி அழைப்புக்கு வருகிறேன். பிறப்பிடம், வதிவிடம், பெற்றோர், மனைவி எல்லாம் எழுதி முடிந்து உடன்பிறப்புகளுக்கு வந்தோம். றோஸ்மலர் (முல்லைத்தீவு). அடுத்தது நேசன். 

"நேசனுக்கு முன்னாலை என்ன போட, அக்கா?"

"ஒண்டும் போடாதேங்கோ. பின்னாலை போடுங்கோ, மாங்குளம் எண்டு."

"அக்கா, அது மெசின் சொன்னது. மரியதாசே அதை அழிச்சுப்போட்டார்."

"தெரியும். பெட்டி பழுதெண்டு சொல்லேக்கையே தெரியும். அவனுக்கு எந்தக் காலத்திலை பொய் சொல்ல வந்தது?" என்றார். "எல்லாருக்கும் ஊர் போட்டிட்டு இவனுக்கு மட்டும் போடாமல் விட்டால், சனம் என்ன நினைக்கும் மாஸ்டர்?"

எழுதினேன். மறுநாள் பத்திரிகையில் வந்தது, இணையத்தில் வந்தது, வானொலியிலும் வாசித்தார்கள். நாளைக்கு வேறொருவர் இப்படியொரு நிரலை எழுதினால், இந்த அறிவித்தலும் அதற்குள் போகும். அப்போது அது ஊகமாக இராது. குடும்பத்தார் உறுதிப்படுத்திய தகவல்.

இதையெல்லாம் இந்த மலரில் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "உள்ளதைத்தானே எழுதப்போறியள்" என்றார்.

போன கிழமை சந்திக் கடையில் அவர்களுடைய கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் என்னை மறித்தார். "அறிவித்தலைப் பாத்தனான் மாஸ்டர். நேசன் உங்கடை பக்கந்தானாமே. நல்ல காலம். காணுறனீங்களோ?"

"ஓம், இடைக்கிடை" என்றேன்.

"கண்டால் நான் கேட்டனெண்டு சொல்லுங்கோ."

"சொல்லுறன்" என்றேன்.

மரியதாஸ் படிப்பித்த கேத்திரகணிதம் உங்களில் சிலரிடம் இன்னும் இருக்கும். கனடாவிலிருந்து அவர் கொண்டுவந்து கொடுத்த பேனை சிலரிடம் இருக்கும். என்னிடம் இருப்பது அவருடைய தம்பி.