நாலு மணிப் பருந்துகள்

விமான நிலையத்தில் அவளுக்குப் 'பருந்துக்காரி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஓடுபாதைப் பக்கம் பறவை வராமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒரு ஜீப், ஒரு பைனாகுலர், வெடிச்சத்தம் போடும் துப்பாக்கி, எந்தப் பறவை எத்தனை மணிக்கு எங்கே போனது என்று எழுத ஒரு நோட்டு. பன்னிரண்டு வருடமாக அவளுக்குத் தெரியாமல் அங்கே ஒரு காக்கை பறந்ததில்லை.

நாளுக்கு இரண்டு சின்ன விமானம் வந்துபோன காலத்தில் அது உட்கார்ந்து தின்கிற உத்தியோகம். பிறகு ஓடுபாதையைக் கடல் வரை நீட்டினார்கள். பெரிய விமானங்கள் வந்தன. வடக்கே வரிசையாக ஆறு அடுக்குமாடிகள் எழும்பின, கூடவே ஒரு வம்பும். மீன்பிடித் துறைமுகத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்த பருந்துகள், தினமும் சரியாக நாலு மணிக்கு, முப்பது நாற்பதாகக் கிளம்பி ஓடுபாதையைக் குறுக்கே தாண்டி வடக்கே போயின. நாலே காலுக்குப் பெரிய விமானம் இறங்கும் நேரம். இன்ஜினுக்குள் ஒரு பருந்து புகுந்தால் போதும், கதை முடிந்தது.

"பத்து நாள் டைம். காரணம் கண்டுபிடிக்கலைன்னா வெளிக் கம்பெனிகிட்ட குடுத்துடுவேன், அவங்க மெஷின் வச்சிருக்காங்க" என்றார் மேலதிகாரி.

வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது நிஜம்தான். ஆனால் அதைவிட வேறொன்று அவளை அரித்தது. பருந்துக்கு மணி பார்க்கத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமையும் நாலு, மழை தூறினாலும் நாலு. புல்லை வெட்டச் சொன்னாள், குப்பைத் தொட்டிகளை மூடச் சொன்னாள், வெடித்தும் பார்த்தாள். பாச்சா பலிக்கவில்லை. வெடித்தால் கொஞ்சம் உயரப் போய், அதே வழியில் போயின.

இந்த அமளிக்கு நடுவில் அக்காவின் போன் வேறு. அத்தான் கப்பலில், பிள்ளைகள் வெளிநாட்டில். அக்கா அந்த ஆறு கட்டடங்களில் ஒன்றில் பதினோராவது மாடிக்குக் குடிபோய் ஐந்து மாதம் ஆகிறது. இவள் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

"எப்ப வீட்டுக்கு வர்றதா உத்தேசம்?"

"கொஞ்சம் வேலை குறையட்டும்க்கா."

"நீ வராட்டி போ. எனக்குத் தினமும் விருந்தாளிங்க வர்றாங்க."

அக்கம்பக்கத்தோடு பழகிவிட்டாள் போலிருக்கிறது என்று இவளுக்கும் நிம்மதியாக இருந்தது.

எட்டாம் நாள் மூன்றாவது கட்டடத்துக்குப் போய் மொட்டைமாடிச் சாவி கேட்டாள். "பருந்து பாக்கவா? இங்க எல்லாரும் வீடு பாக்கத்தான் வருவாங்க" என்று வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நாலு மணி. பருந்துகள் அவள் தலைக்கு மேலே கடந்து, ஐந்தாவது கட்டடத்தைச் சுற்றின. பைனாகுலரைத் திருப்பினாள். பால்கனி ஒன்றிலிருந்து ஒரு கை நீண்டது. கை வீசிய மீன் தலை கீழே விழுமுன் ஒரு பருந்து காலால் கவ்விக்கொண்டது. அவளுக்குப் புல்லரித்தது, பயமும் மறந்துபோனது. அடுத்தது குடல், அதற்கடுத்தது வால். அப்புறம்தான் கம்பியில் காய்ந்த பச்சைக்கோடு போட்ட பெட்ஷீட் கண்ணில் பட்டது. குடிபோனபோது இவளே வாங்கி அனுப்பியது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

அக்கா மீன் நாற்றக் கையோடு கதவைத் திறந்தாள். "அட, வழி தெரிஞ்சுதா உனக்கு?"

"உன் விருந்தாளிங்கதான் காட்டினாங்க. ஏன்க்கா இப்படிப் பண்ணின?"

"ஒரு நாள் மீன் வெட்டிக்கிட்டிருந்தேன். ஒண்ணு வந்து கம்பியில உக்காந்து என் மூஞ்சியையே பாத்துச்சு. இங்க லிஃப்ட்ல வர்ற மனுஷங்க என் செருப்பத்தான்டி பாக்கறாங்க. மறுநாள் ரெண்டு வந்துச்சு. அதுங்க வருதேன்னு நானும் தினமும் நாலு மணிக்கு வெட்ட ஆரம்பிச்சேன்."

தங்கை விஷயத்தைச் சொன்னாள். சரியாக அப்போது ஜன்னல் கண்ணாடி அதிர, பெரிய விமானம் தாழ்ந்து போனது. "ஐயோ, அதுல எத்தனை ஜனம் இருக்கும்!" என்று அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "இனிமே போடல. சத்தியமா." கையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "அப்போ நாலு மணிக்கு யார் வருவா?"

வாரத்துக்கு இரண்டு தடவை 'வேலை குறையட்டும்' என்று போனில் சொன்னதை நினைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது.

"யார் வீடும்மா அது?" என்றார் மேலதிகாரி மறுநாள்.

"எங்க அக்கா வீடு சார்."

சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. அந்தச் சிரிப்பு ஆறுமுன் காலை ஷிப்டு கேட்டாள், கிடைத்தது.

பருந்துகள் இன்னும் ஐந்து நாள் வந்து பார்த்தன. ஆறாம் நாள், மாலை ஷிப்டுக்காரர் நோட்டில் 'நாலு மணி: ஒன்றுமில்லை' என்று எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் பருந்துக்காரி பதினோராவது மாடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள், தொடர்ந்து ஆறாவது நாளாக.

அக்கா இரண்டாவது துண்டையும் வைத்தாள். "அதுங்களுக்குத் தலையும் குடலும் போதும். உனக்கு நடுத்துண்டு கேக்குது."

"வேணாம்னா சொல்லு, நாளைக்கு வரல."

"வாய மூடிட்டு முள்ளப் பாத்துத் தின்னு" என்றாள் அக்கா. "நாளைக்கு நாலு மணிக்கு ஒரு நிமிஷம் லேட்டானாலும் கதவத் திறக்க மாட்டேன்."