வேலியடியில் கேட்காத பாட்டு

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் வீடு பெண்ணுக்கு. ஆம்பிளை தன் உடுப்புப் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். செங்கலடியில் இருந்து தன்னாமுனைக்கு நானும் அப்படித்தான் போனேன். கதிரை அவள் தகப்பனான மாமாவுடையது, அலுமாரி மாமாவுடையது, நான் படுத்த கட்டில்கூட மாமா மரம் பார்த்துச் செய்வித்தது. என்னுடையதென்று அந்த வீட்டில் இருந்தது பாட்டுப் போடுகிற ஒரு கெசட் செற் மட்டும். வெளிநாட்டில் வேலை செய்த அண்ணன் தந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அதன் ஸ்பீக்கர்ப் பெட்டிகள் இரண்டையும் கறையான் தின்றுவிட்டது. நாசமாய்ப்போன கறையான், மாமாவின் அலுமாரியைத் தொடவேயில்லை!

ஸ்பீக்கர் இருந்திருந்தாலும் என் மனைவி பாட்டுப் போட விட்டிருக்கமாட்டாள். ஒரு நாள் காலையில் அவள் ரேடியோவை உரக்க வைத்துவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தபோது ஆமி சுற்றிவளைத்தது. றக் வண்டிகள் வந்த சத்தம் வீட்டில் ஒருவருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்வேலியால் ஓடியிருக்கக்கூடிய அவளுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல மாதம் கழித்து, கடவுள் புண்ணியத்தில், அவன் எலும்பும் தோலுமாய் உயிரோடு வந்து சேர்ந்தான். வந்த அன்றே ஒரு முழுக்கோழியைத் தனியாகத் தின்று முடித்தான். அவன் தேறிவிட்டான், அவள்தான் தேறவில்லை. "பாட்டும் வேணாம், ஒண்டும் வேணாம். எனக்கு றோட்டுச் சத்தம் கேக்கோணும்" என்று ஒரே பிடியாய் நின்றாள்.

பெண் பார்க்கப் போன நாளில் நான் அவளைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் கூட. குசினிக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த முணுமுணுப்புக்குத்தான் நான் தலையாட்டினேன். சுற்றிவளைப்புக்குப் பிறகு அது நின்றுபோயிற்று. உண்மையைச் சொன்னால், எனக்கு வேண்டியிருந்தது ஸ்பீக்கர் இல்லை. அவள் பழையபடி முணுமுணுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊருக்குக் கரண்ட் திரும்பி வந்ததும் மெல்லக் கதையைத் தொடங்கினேன். "ஒருக்கா கடைக்கு வந்து கேட்டுப் பார். உனக்குப் பிடிக்காட்டி செற்றையும் வித்துப்போடுறன், இனி இந்தக் கதையே எடுக்கமாட்டன்" என்றேன். அரைமனதாய்ச் சம்மதித்தாள். வேலை மெனக்கெட்டு மாமாவும் வெளிக்கிட்டார். கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர் பிடிக்கிற பொறுப்பு வருசக்கணக்காய் அவருடையது. தனக்குத் தெரியாத ஸ்பீக்கர் உலகத்தில் இல்லையென்பது அவருடைய எண்ணம்.

கடை புளியந்தீவில், வாவிக்கரை றோட்டில். கடைக்காரர் ஒரு பறங்கியர், தேவாலயத்தில் பாடுகிறவர், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. இரண்டு பெட்டிக்கும் நேரே நடுவில் ஒரு கதிரை போட்டு வைத்திருந்தார். "இருங்க தம்பி. கண்ணை மூடுங்க. பாடுறவர் உங்களுக்கு முன்னால வந்து நிப்பார்" என்றார். மூடினேன். அட, மெய்யாகவே வந்து நின்றார்! வயலின் இடப்பக்கம், மேளம் வலப்பக்கம், பாடுகிறவர் நடுவில். கண்ணைத் திறந்தால் மாமாவைக் காணோம்.

மனிசன் றோட்டைக் கடந்து வாவி விளிம்பில் போய் நிற்கிறார். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "மருமகன், கூட்டச் சொல்லுங்க! இஞ்ச காணாது!" என்று கத்துகிறார்.

அவரைக் குறை சொல்லவும் ஏலாது. எங்கள் ஊரில் ஸ்பீக்கரை அளக்கிற முறையே அதுதான். திருவிழா முடிந்த மறுநாள் வாவிக்கு அங்கால் இருந்து ஒருவர் வந்து, "ராத்திரி நல்லாக் கேட்டிச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த லவுட்ஸ்பீக்கர்காரனை அடுத்த வருசம் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.

கடைக்காரருக்கு அழுகை வராத குறை. "ஐயா, இது வீட்டுக்குள்ள இருந்து கேக்கிற சாமான்!"

"வீட்டுக்குள்ள கேக்கிறதுக்கு ஏன் ஐயா ரெண்டு?" என்று மாமா அங்கிருந்தே கேட்டார்.

கடைக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. சத்தம் கூட்டுகிற திருகை முழுக்கத் திருப்பினார். அலுமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. மாமா அங்கே இரண்டு கையையும் உயர்த்தி ஆடாத குறை. முனையில் சென்றிக் காவலில் நின்ற ஆமிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"நிப்பாட்டுங்க!" என்றாள் என் மனைவி. முகம் வெளிறிப்போயிருந்தது. எனக்கு மாமாவில் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. எத்தனை நாள் கெஞ்சிக் கூட்டிவந்தேன், எல்லாவற்றையும் ஒரு நொடியில் கெடுத்துவிட்டார். செற்றை யாருக்கு விற்கலாமென்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அவள் வெளியே போகவில்லை. வந்து அந்தக் கதிரையில் இருந்தாள். "இப்ப குறைச்சுப் போடுங்க" என்றாள்.

கடைக்காரர் குறைத்தார்.

"இன்னும்."

"அம்மா, இதுக்கு மேல குறைச்சால்..."

"இன்னும் குறையுங்க."

அவள் கண்ணை மூடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்தது. யாரோ இருமினார்கள். அவள் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. "இது குறைச்சால் சும்மா இரையுது, சொல்லு விளங்குதில்ல. மத்ததைப் போடுங்க" என்றாள். கண்ணாடியை ஆட்டிய அந்தப் பெரிய பெட்டிகள் முதலில் தோற்றன. கடையில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே கழித்துக்கொண்டு வந்தாள்.

கடைசியில் மூலையில் இருந்த சின்னச் சோடியைக் காட்டினாள். "அதில பெரிசாச் சத்தம் வராது அம்மா" என்று கடைக்காரரே தடுத்தார். போட்டார். திருகு தொடங்குகிற இடத்திலேயே நின்றது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் முழுதாய் வந்தது. கூடவே, றோட்டுக்கு அங்கால் மாமா கச்சான் கடலை விற்கிறவளோடு விலை பேசுவதும் கேட்டது.

"இதுதான்" என்று எழும்பினாள். கடைக்காரர் நம்பாமல் அந்தக் கதிரையில் தானே போய் இருந்து பார்த்தார். "ஓம் அம்மா, கேக்குது" என்றார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஸ்பீக்கர் எடுத்த ஆளை அவர் இதற்கு முன் கண்டதில்லையாம்.

வரும் வழியில் சென்றியில் பெட்டியைத் தட்டி உள்ளே என்னவென்று ஆமிக்காரன் கேட்டபோது மாமா, "ஒண்டுமில்ல சேர், சத்தமே இல்லாத ஸ்பீக்கர்" என்று தன் மனக்குறையைச் சொன்னார்.

பொழுதுபட முன் பெட்டிகளை மாமாவின் அலுமாரிக்கு மேலேயே ஏற்றிவிட்டேன். கெசட்டைப் போட்டு, கடையில் வைத்த அளவிலேயே திருகை வைத்தேன். என் மனைவி குசினிக்குள் போனாள். அவள் தம்பி, என் மச்சான், கதிரையில் சாய்ந்து கேட்டான். மாமா எழும்பி வெளியே நடந்தார். முற்றத்தைத் தாண்டினார், வேலிப் படலையைத் தாண்டினார், றோட்டோர வேலியடியில் நின்று காதுக்குப் பின்னால் கையை வைத்தார். போச்சுடா, இப்போது காணாதென்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"புள்ள!" என்று அவர் போட்ட சத்தம் வாவிக்கு அங்காலும் கேட்டிருக்கும். "இஞ்ச பாட்டு ஒரு பொட்டும் கேக்கல்ல! றோட்டுச் சத்தம் மட்டுந்தான் கேக்குது! நீ பயப்பிடாத!"

குசினிக்குள் அவள் சிரித்தாள். பிறகு ஒரு சட்டி வைக்கிற சத்தம். பிறகு, பாட்டோடு சேர்ந்து, அந்த முணுமுணுப்பு.

நான் திருகை இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.