கோழி குடித்த தண்ணீர்

ஜப்பான் குண்டுக்குப் பயந்து பட்டணத்து ஜனங்கள் எங்கள் பாரிவாக்கத்துக்கு ஓடிவந்திருந்த வருஷம். அவர்களும் பார்க்கக் கூத்து ஆடினோம். எனக்குப் பாஞ்சாலி வேஷம். முகத்தில் அரிதாரம் பூசுவேன். மஞ்சள் கல்லை அரைத்த பூச்சு, விளக்கொளியில் தங்கமாக மின்னும். எரியும், கன்னம் புண்ணாகும். கண்ணேறு என்று சுற்றிப் போடுவார்கள்.

ஒரு நாள் காலை ஆட்டம் முடிந்து வந்து முகம் கழுவிய தண்ணீரைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். மத்தியானம் மனைவி கத்தினாள். சட்டியைச் சுற்றி எங்கள் கோழிகள் விறைத்துக் கிடந்தன. அலகெல்லாம் மஞ்சள்.

"இந்தக் கருமத்தையாய்யா மூஞ்சில பூசிகினு கீறே?"

மகள் எங்கே என்று தேடினேன். கோழிகள் போனால் போகட்டும். ஆடிவிட்டு வரும்போதெல்லாம் என் மகள், "எனக்கும் நைனா" என்று கன்னத்தோடு கன்னம் இழைப்பாள். மஞ்சள் ஒட்டிய விரலை அவள் சப்பியதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்!

அவளைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி டாக்டரிடம் ஓடினேன்.

"அது பாஷாணம்யா. உன் புண்ணுக்கும் அதான் காரணம். கொழந்த தப்பிச்சிட்டா, போ."

அப்புறம் நான் பூசியதெல்லாம் சமையல் மஞ்சளும் அரிசி மாவும்தான். முகம் மின்னவில்லை என்று கூத்து வாத்தியார் திட்டினார். மகள் பழையபடி கன்னத்தை நீட்டினாள். முகம் கழுவாமல் அவள் கிட்டப் போக எனக்குத்தான் கால் வரவில்லை.